பிரிஞ்சாங் மலை எவ்வளவு தாங்கும்?

தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில், பேராக் மாநிலத்துச் சுங்கை கிளா போன்ற இடங்களில், வெந்நீர் ஊற்றுகள் ஆவி பறக்கப் பொங்குகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுத் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுபவருக்கு, மேலே நிற்கும் பிரிஞ்சாங் சிகரம் பழைய எரிமலையாக இருக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் அது எரிமலை அல்ல. மலேசியாவில் எரிமலைக் குன்றைப் பார்க்க விரும்புவோர் சபாவின் தாவாவ் பக்கம் போக வேண்டும். பொம்பாலாய் குன்று அங்கேதான் இருக்கிறது.

பிரிஞ்சாங் கருங்கல் மலை. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகிக் கிடந்த பாறைக்குழம்பு, வெளியே வெடிக்காமல் ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகியது. மேலே மூடியிருந்த பாறைகள் காலப்போக்கில் தேய்ந்து கரைய, கருங்கல் வெளிப்பட்டது. வெந்நீர் ஊற்றுகளுக்கும் எரிமலை காரணமல்ல. பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கும் மழைநீர், பூமியின் உள்வெப்பத்தில் சூடேறித் திரும்பி வருகிறது.

இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனெனில் மலையின் பலவீனம் அந்தக் கருங்கல்லில்தான் இருக்கிறது. வெப்பமண்டல மழையில் கருங்கல் மக்கும்போது அதிலுள்ள கனிமங்களில் ஒரு பகுதி களிமண்ணாகிறது. படிகக்கல் மணலாகவே தங்கிவிடுகிறது. சாலையோரம் வெட்டிய சரிவில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கினால் பளபளக்கும் மணல் துகள்கள் விரலில் உறுத்தும். மரமும் வேரும் இருக்கும்வரை இந்த மண் நிற்கும். அவற்றை அகற்றிவிட்டால், ஒரு கனமழையே அதைக் கரைத்துக்கொண்டு போகும்.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தச் சரிவுகளைத் தோட்டமாக்கிய உழைப்பில் தமிழர்களின் பங்கு பெரிது. காட்டை அழித்துத்தான் தேயிலை வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நெருக்கமாக நின்று, கவாத்துக்குப் பின்னும் வேர்ப்பிடி தளராத தேயிலைச் செடி, ஆண்டுக்குப் பலமுறை கிளறப்படும் காய்கறிப் பாத்தியைவிட மண்ணை நன்றாகப் பிடித்து வைக்கிறது.

சுங்கை பாலாஸ் தோட்டத்தைக் கடந்து சிகரத்துக்கு ஏறும் பாதை குறுகலானது. 2,000 மீட்டரைத் தாண்டிய உச்சி வரை வண்டி போகும். அங்குள்ள பாசிக்காடு மேகத்திலிருந்தே நீரை வடித்தெடுக்கிறது. கிளைகளில் விரலளவு தடிமனில் பாசி; இடையே குடுவைச் செடிகள், ஆர்கிட்கள். பலகைப் பாதையை விட்டு ஒரு காலை இறக்கினால் கரிய மட்கு அழுந்தி நீர் கசியும். பலர் மிதித்த இடத்தில் பாசி மீண்டும் படர நெடுங்காலம் ஆகும்.

மேலே தேங்க வேண்டிய நீரும் நிற்க வேண்டிய மண்ணும் கீழே இறங்கினால் என்ன ஆகும்? பெர்த்தாம் ஆறு பதில் சொல்கிறது. மழை நாளில் அது தே தாரிக் நிறத்தில் ஓடுகிறது. அந்த ஆற்றின் குறுக்கே 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபுபக்கர் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் வண்டல் குவிந்து, நீர் கொள்ளும் இடம் சுருங்கிவிட்டது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணை திறக்கப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பறிபோயின, வீடுகள் சிதைந்தன.

இதற்குச் சுற்றுலாப் பயணிகளை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. வரைமுறையற்ற காய்கறிச் சாகுபடிக்கும் கட்டுமானத்துக்கும் பெரும்பங்கு உண்டு. ஆனால் விடுமுறைக் கூட்டத்தை நம்பித்தான் விடுதிகளும் கடைகளும் சரிவில் ஏறுகின்றன. ஆகவே, எத்தனை பேர் வந்தார்கள் என்று பெருமைப்படுவதற்கு முன், மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிட வேண்டும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. உச்சிக்குச் சொந்த வாகனங்கள் போவதை நிறுத்திவிட்டு, அடிவாரத்திலிருந்து உள்ளூர் வேன்களை மட்டும் இயக்கலாம். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கலாம். கனமழை நாட்களில் பாதையை மூடலாம். வசூலாகும் கட்டணத்தைச் சரிவுப் பராமரிப்புக்கே செலவிடலாம். வழிகாட்டிகளாகத் தோட்டத்தில் வளர்ந்த இளைஞர்களையும், காட்டை நன்கறிந்த செமாய் பூர்வகுடியினரையும் அமர்த்தலாம்.

கட்டுப்பாடு வந்தால் பிழைப்பு போய்விடும் என்று வியாபாரிகள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் மண்சரிவில் சாலை அடைபட்டால் யார் கடைக்கும் ஆள் வராது. வேன் ஓட்டவும் வழிகாட்டவும் கிடைக்கும் வேலையோ ஆண்டு முழுவதும் நிலைக்கும். வரம்பை முதலில் கேட்க வேண்டியவர்கள் இந்த மலையை நம்பிப் பிழைப்பவர்கள்தான்.