பாட்டனார் கத்திக்குப் புதுப் பிடி

பழைய பெட்டகங்களைத் துப்புரவு செய்யும்போது சில வீடுகளில் மடக்குச் சவரக்கத்தி ஒன்று அகப்படுவதுண்டு. அதன் அலகு இன்னும் நன்றாகவே இருக்கும். இருபுறமும் அதனைத் தாங்கி நின்ற பிடியோ வெடித்தும் நெளிந்தும் உதிரும் நிலையை அடைந்திருக்கும். ‘இனி இஃது எதற்கு?’ என்று பழைய இரும்போடு சேர்த்து எறிந்துவிடுவோரே பலர். இவ்வாரம் அந்தக் கத்தியின் சார்பிற் சிறிது பேச விரும்புகின்றோம்.

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்பவர் மூசையில் உருக்கை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அதன் பின்னர் அந்நகரத்துக் கத்திகளும், ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகளும் கடல் கடந்து உலகெங்கும் சென்றன. 1904-ஆம் ஆண்டில் கிங் காம்ப் ஜில்லெட் தமது புதுவகைச் சவரக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கழித்தெறியும் அலகு பரவப் பரவ, மடக்குக் கத்தி மெல்ல மெல்லப் பெட்டகத்துள் ஒதுங்கிற்று.

அலகு கெடாதிருக்கப் பிடி மாத்திரம் கெடுவது ஏன்? பழைய பிடிகளிற் பல செலுலொயிட் என்னும் பொருளால் ஆனவை. பருத்தியை நைத்திரிக் அமிலத்தாற் பதப்படுத்திக் கற்பூரம் கலந்து செய்யப்படும் இப்பொருள், 1870-க்குப் பின் தந்தத்துக்கும் ஆமையோட்டுக்கும் பதிலாக வழக்கில் வந்தது. காலம் செல்லச் செல்ல இது தானே சிதைந்து, அமில ஆவியைக் கக்கும். பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் அலகை அந்த ஆவியே துருவாக்கி அரித்துவிடும். காப்பதற்கென அமைந்த பிடி கத்தியைக் கொல்வதாக முடிகின்றது. ஆதலால் பிடியின் ஓரங்களில் வெடிப்போ, கற்பூர வாடையோடு கூடிய புளிப்பு நெடியோ தோன்றினால், உடனே அதனைக் கழற்றிவிடுதல் வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருளாதலின், அதன் அருகே நெருப்பைக் கொண்டுசெல்லலாகாது.

புதிய பிடியை எதனாற் செய்வது? முற்காலத்துச் செல்வர் யானைத் தந்தத்தை விரும்பினர். வன்னிச் சிற்றரசர் யானைகளையே திறையாகச் செலுத்தியவர்கள் என்பதை மாணவர் அறிவர். ஆயினும் தந்த வாணிகத்துக்கு 1989-இல் உலக நாடுகள் தடை விதித்தன. அழுங்காமை ஓடும் சட்டத்தால் விலக்கப்பட்டதே. எருமைக் கொம்பு தொன்றுதொட்டு வழங்கும் நல்ல பொருள். சூடாக்கித் தட்டையாக அழுத்தினால் வளைந்துகொடுக்கும். ஆனால் பூச்சி அரிக்கும். இடைக்கிடை எண்ணெய் பூசிவர வேண்டும்.

எஞ்சுவது மரம். மரத்துக்கு வன்னியிற் பஞ்சமா? கபில நிறமும் நீரில் அமிழும் கனமும் கொண்டது பாலை. உள்வைரம் இருளெனக் கறுத்தது கருங்காலி. பொன்னிறத்தில் ஒளி அலையலையாய் ஓடுவது முதிரை. மூன்றும் நெருக்கமான இழையுடையவை. மெல்லிய தகடாகச் சீவினும் உறுதி குன்றாதவை. பனையின் வைரம் கண்ணுக்கு அழகியதே. ஆயினும் நார் நாராகப் பிரியும் இயல்பால் புதிதாகப் பழகுவோருக்கு ஏற்றதன்று.

இவ்வளவு சொல்லக் கேட்டு, கத்தியோடு காட்டை நோக்கிப் புறப்படவேண்டாம்! காட்டு மரத்தை வெட்டவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அஃதன்றி, பச்சை மரம் இந்த வேலைக்கு உதவவும் மாட்டாது. வன்னியில் மாரியில் மரம் ஈரம் குடித்து வீங்கும், கோடையிற் சுருங்கும். ஆறாத மரத்திற் செய்த பிடி கோணினால், மடிக்கும்போது கூர்முனை மரத்தில் உரசி மழுங்கும். பல மாரியும் பல கோடையும் கண்டு ஆறிய மரமே வேண்டும். அது நம் வீட்டு வளவிலேயே கிடைக்கும். 2009-இல் முடிவுற்ற போரில் கூரை இழந்த வீடுகள் எத்தனை! அவற்றின் பழைய கதவுநிலை, வளை, தூண் ஆகியவற்றின் துண்டுகள் இன்றும் சில வளவுகளிற் கிடக்கின்றன, அடுப்புக்கும் போகின்றன. நமக்கு வேண்டியது ஒரு சாணுக்கும் குறைந்த நீளமும் ஓர் அங்குல அகலமும் உள்ள துண்டு மாத்திரமே. ஒன்று கவனிக்க: அத்தகைய மரத்தில் ஆணியோடு ஷெல் சிதறலும் புதைந்திருக்கலாம். காந்தத்தால் தடவிப் பார்த்த பின்னரே வாள் வைத்தல் வேண்டும்.

இனி அமைப்பு. பிடி என்பது ஏறத்தாழ எட்டில் ஓர் அங்குலக் கனமுள்ள இரண்டு தகடுகள். முன்முனையில் ஓர் ஆணி கத்தியின் வாலை ஊடுருவிச் செல்லும். அலகு அதன்மீதே சுழலும். பின்முனையில் இரு தகடுகளுக்கும் நடுவே ஒரு சிறிய ஆப்பு இருக்கும். ஆப்பு ஒரே கனமாயிராது, உட்புறம் நோக்கி மெலிந்திருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் தகடுகள் வில்லைப்போல் சற்றே வளைந்து, அலகின் முதுகை இறுகப் பற்றும். கூரோ எதிலும் படாது நிற்கும்.

முதலிற் கடதாசி மட்டையில் வடிவத்தை வெட்டி, குண்டூசியாற் பொருத்தித் திறந்தும் மடித்தும் பார்க்குக. கூர் முழுவதும் உள்ளே மறைகின்றதா? முதுகு சிறிது வெளியே தெரிகின்றதா? அகன்ற கனத்த அலகுக்குப் பாலையும் கருங்காலியும் பொருந்தும். மெல்லிய அலகுக்குத் தகட்டை இன்னும் மெலிதாக்குக. திறந்த கத்தியின் பாரம் ஆணிக்கு அருகே சமன்பட்டு நின்றால் கைக்கு இதமாயிருக்கும். ஒரே துண்டை நடுவே பிளந்து புத்தகம்போல் விரித்தால், இருபுறமும் இழை ஒத்திருக்கும். இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தே அராவி, பதினாறில் ஓர் அங்குலத் துளையிட்டு, பித்தளைக் கம்பியைச் செலுத்தி, இருமுனையிலும் சிறு வளையமிட்டு, சின்னஞ்சிறு சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி மலர்த்துக. அவசரக்காரனுக்கு இங்கே தகடு வெடிக்கும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. வேலை முடியும்வரை அலகின் கூரைத் தடித்த நாடாவாற் சுற்றிவைத்தல் அவசியம். சிறுவர் இதனைப் பெரியோர் துணையோடு அன்றிச் செய்யலாகாது.

புதுப்பித்த கத்தியை ஒருவரே பயன்படுத்துக. குருதி வழியே நோய் பரவும் என்பதாலேயே முடிதிருத்துநர் ஒவ்வொருவருக்கும் புதிய அலகு மாற்றுகின்றனர்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களில் பாட்டனாரின் படம்கூட மிஞ்சியிராது. அவர் கையிலிருந்த கத்தியும், அவர் எழுப்பிய வீட்டின் மரத்துண்டும் இருக்குமாயின், இரண்டையும் பொருத்திவைக்க ஒரு விடுமுறைக் காலம் போதும். இளைஞர்களே, அந்தத் துண்டு அடுப்புக்குப் போகுமுன் எடுத்துவைப்பீர்களா?