மாடியில் ஆளில்லை என்று சொல்லலாமா?

சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றிக் கடை வைத்திருக்கும் நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. மக்கள் தொகைக் கணக்கெடுக்க ஆசிரியர் ஒருவர் பையும் படிவமுமாக வந்து நின்றால், கல்லாவை விட்டு எழாமலேயே, "இது கடை சார், இங்கே யாரும் குடியில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். மாடியில் நான்கு பையன்கள் பாய் விரித்துப் படுப்பது நமக்குத் தெரியும். பின்பக்கப் படியேறினால் ஒரு குடித்தனமே இருக்கும். வியாபார நேரத்தில் அதையெல்லாம் விளக்க நமக்குப் பொறுமை இல்லை.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 2011 கணக்கெடுப்புக்குப் பின் அரசே மாதிரிச் சரிபார்ப்பு நடத்தி, ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாக மதிப்பிட்டது. 2001-லும் அதே 23 தான். இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது நல்ல கணக்கு என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த 23 எல்லாத் தெருவிலும் சமமாகப் பிரிந்து விழுவதில்லை. வார்டு வாரியாக எத்தனை பேர் விட்டுப்போயினர் என்று அந்தச் சரிபார்ப்பு சொல்வதும் இல்லை. ஐம்பது கிலோ அரிசி மூட்டையில் நூறு கிராம் குறைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். கால் கிலோ மிளகில் நூறு கிராம் குறைந்தால் வாடிக்கையாளர் விடுவாரா? ஒரு கணக்காளருக்கு ஒதுக்கும் பகுதியில் ஏறத்தாழ அறுநூறு, எழுநூறு பேர்தான். பெரிய கடைவீதியிலும் என்.எஸ்.பி. சாலையிலும் கீழே கடை, மேலே கிடங்கு, அதற்கும் மேலே குடித்தனம். விடுபடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

கடைப் பையன்களின் நிலை இன்னும் மோசம். 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுத்தார்கள். அந்த நாட்கள் முழுவதும் வீட்டில் இல்லாதவரை அந்த வீட்டில் எழுதக்கூடாது என்பது விதி. முசிறியிலோ துறையூரிலோ தாயார், "பையன் திருச்சியில் கடையில் இருக்கிறான்" என்பார். இங்கே நாம் "யாருமில்லை" என்போம். ஆள் இரண்டு இடத்திலும் இல்லை! நடைமேடையில் படுப்பவர்களையாவது பிப்ரவரி 28 இரவு தேடிப்போய் எண்ணினார்கள். ஷட்டருக்கு உள்ளே படுத்தவனை யார் எண்ணுவது?

(பகலில் இங்கே வந்து போகும் பெருங்கூட்டம் இந்தக் கணக்கில் வரவே வராது. அது வேறு கதை.)

பதிந்த எண் லேசில் மாறாது. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. ஆகவே 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒதுக்கீடும், 15-வது நிதி ஆணையம் உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியமும் 2011 எண்ணின் மீதே நின்றன. கழிப்பறை வேண்டும், குப்பை வண்டி இரண்டு நடை வரவேண்டும் என்று கேட்டுப்போய், "உங்கள் பக்கம் குடியிருப்பே குறைவு" என்ற பதிலை வாங்கி வந்தவர்கள் நாம். அந்தக் குறைவில் நம் கைங்கரியமும் உண்டு.

வரி கூடும், தொழிலாளர் துறை வரும் என்ற பயம் சிலருக்கு. 1948-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரம் இரகசியம். கணக்கெடுப்புப் பதிவேட்டை யாரும் பார்வையிட உரிமை கோர முடியாது. நம் பில் புத்தகத்துக்குக்கூட அவ்வளவு பாதுகாப்பு கிடையாது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள் என்று அறிவித்திருக்கிறார்கள். 2026-ல் வீட்டுப் பட்டியல், 2027 பிப்ரவரியில் ஆள் கணக்கு. பட்டியலில் நம் கட்டடம் முழுவதும் 'கடை' என்று எழுதப்பட்டுவிட்டால், பிப்ரவரியில் வருபவர் படியேறிப் பார்ப்பாரா என்பது சந்தேகமே. ஆகவே நாம் இல்லாத நேரத்தில் கல்லாவில் உட்காரும் பிள்ளைகளிடமும் கணக்குப்பிள்ளையிடமும் இப்போதே சொல்லி வைப்போம்: பின்பக்கப் படியைக் காட்டுங்கள், இரவில் யார் யார் படுக்கிறார்கள் என்று பெயர், வயதோடு ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருங்கள்.