ஒருமுறை கிடைத்தது போகுமா?

போன ஞாயிறு, பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டில் பகல் சாப்பாடு. அந்த வீட்டுப் பாட்டி மெதடிஸ்ட் தமிழ்ச் சபையில் வளர்ந்தவர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பேத்தி போவது ஒரு பாப்டிஸ்ட் சபைக்கு. கோழிக்கறி ஆறுவதற்குள் பேச்சு பாட்டியின் இளைய மகனிடம் போய் நின்றது. 17 வயதில் சபையார் முன் எழுந்து சாட்சி சொன்னவர் அவர். இப்போது பதினைந்து வருடமாக அந்தப் பக்கமே போவதில்லை.

“கிடைச்ச இரட்சிப்பை விட்டுட்டானே” என்றார் பாட்டி.

“ஒருமுறை கிடைச்சா அது போகாது பாட்டி. மாமாவுக்கு உண்மையிலேயே கிடைச்சிருந்தா, அவர் விட்டுப் போயிருக்க மாட்டாரு.”

ஆறுதலாகத்தான் அவள் ஆரம்பித்தாள். பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

இரட்சிப்பு என்றால், பாவத்திலிருந்தும் அதன் தண்டனையிலிருந்தும் கடவுள் தரும் மீட்பு. அது கைநழுவிப் போகுமா என்பது பழைய வழக்கு. மேய்ப்பனின் கையிலிருந்து ஆடுகளை எவரும் பறிக்க முடியாது என்னும் யோவான் 10ஆம் அதிகாரத்தை ஒரு தரப்பு காட்டும். ருசி பார்த்தபின் விலகியவர்களைப் பற்றிய எபிரெயர் 6ஐ மறுதரப்பு காட்டும். 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய மன்றம் ‘போகாது’ என்றது. அடுத்த நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ‘போகும்’ என்றார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் லூத்தரன் மரபும் ‘போகும்’ பக்கம்தான். 1530இன் அவுக்ஸ்பர்க் அறிக்கையிலேயே அது இருக்கிறது.

தமிழருக்கு இந்தத் தகராறு புதிதல்ல. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வைணவத்தில் வடகலைக்கும் தென்கலைக்கும் சொல்லப்படும் உவமை இது. அங்கே கேள்வி சரணாகதியைப் பற்றியது. அதே கேள்வி இல்லைதான், ஆனால் பக்கத்து வீட்டுக் கேள்வி.

எனக்கு அன்று உறுத்தியது வேறு. மகன் இழந்துவிட்டான் என்கிறது ஒரு போதனை. அவனுக்குக் கிடைக்கவே இல்லை என்கிறது இன்னொன்று. புத்தகத்தில் இரண்டும் எதிரெதிர். அந்தச் சாப்பாட்டு மேசையில் இரண்டும் ஒன்றுதான். சொல்லப்போனால் இரண்டாவதுதான் கொடுமை. மகனின் 17 வயதுச் சாட்சியையும் அல்லவா தாயிடமிருந்து பிடுங்கிவிடுகிறது? பேத்தி படித்த பிள்ளை, வாதத்தில் பிழை இல்லை. யாரிடம் பேசுகிறோம் என்பதைத்தான் மறந்துவிட்டாள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ‘போய்விடும்’ என்ற எச்சரிக்கையைக் கேட்டு நடுங்குவது, தினமும் ஜெபிக்கிற பாட்டி மாதிரியானவர்கள். ‘போகாது’ என்பதைக் கேட்டுக் காலை நீட்டிப் படுப்பது, கொஞ்சம் நடுங்க வேண்டியவர்கள். மருந்து எப்போதும் ஆள் மாறியே போய்ச் சேர்கிறது.

ஆனால் திரும்பி வருகிறவனுக்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று அந்த மேசையில் எவரும் சொல்லவில்லை. வெஸ்லியின் மெதடிஸ்டுகளும் சரி, பாப்டிஸ்டுகளும் சரி, கெட்ட குமாரன் கதையைப் பிரசங்கிக்காமல் இருப்பதில்லை. பாட்டியிடம் இதைச் சொன்னேன். “அவன் வந்தாத்தானே” என்றார்.

சாயங்காலம் அவர் வந்தார், சாப்பிடத்தான். பாட்டி கறியைச் சூடாக்கினார். பேத்தி எழுந்து தன் நாற்காலியை மாமாவுக்குக் கொடுத்தாள்.

“என்ன, எல்லாரும் என்னையே பாக்குறீங்க?” என்றார் அவர், தட்டை இழுத்துக்கொண்டே.