சிவப்புப் பூதம்: அமெரிக்காவிலும் அஸ்தம்பட்டியிலும்

சேர்வராயன் மலையில் கரடியூரிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ சேலத்துக்கு இறங்குகிறவர்கள், கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் தீர்ந்து ஊருக்குள் நுழைந்ததும் அஸ்தம்பட்டியில் ஒரு பெரிய மதிற்சுவரைப் பார்க்கலாம். சேலம் மத்திய சிறை அது. 1950 பிப்ரவரி 11-ந் தேதி அந்தச் சுவருக்குள் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. கம்யூனிஸ்டு கட்சியையும் விவசாய இயக்கத்தையும் சேர்ந்த 22 கைதிகள் மாண்டார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள், மலபார் அப்போது சென்னை ராஜ்யத்தில் ஒரு ஜில்லா. நாடு குடியரசாகிப் பதினாறே நாட்கள் ஆகியிருந்தன.

அதற்கு இரண்டு நாள் முன்பு, அமெரிக்காவில் வீலிங் என்ற சிறு நகரத்தில் ஒரு விருந்துக் கூட்டம். ஜோசப் மெக்கார்த்தி என்ற ஸெனட்டர் எழுந்து, வெளிநாட்டு இலாகாவிலேயே கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள், பட்டியல் தம்மிடம் இருக்கிறது என்று முழங்கினார். சேலத்துக்கும் வீலிங்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இரண்டு இடத்திலும் ஆட்டிவைத்த பூதம் ஒன்றுதான்.

அமெரிக்காவில் அது வீட்டுக்கு வீடு புகுந்தது. 1947 மார்ச்சிலேயே ஜனாதிபதி ட்ரூமன் போட்ட உத்தரவின்படி மத்திய சர்க்கார் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ராஜ விசுவாசப் பரிசோதனை ஏற்பட்டுவிட்டது. குமாஸ்தாவும் தபால்காரரும்கூடத் தப்பவில்லை. எந்தச் சங்கத்தில் சேர்ந்தாய், என்ன படிக்கிறாய், யாருடன் பழகுகிறாய் என்று கேள்விகள். கோள் சொன்னவன் யார் என்பதைப் பல சமயம் சொல்லவே மாட்டார்கள். ஹாலிவுட்டில் கதாசிரியர்களுக்கு வேலை போயிற்று. படம் வெளியிட லண்டனுக்குக் கப்பலேறிய சார்லி சாப்ளினுக்கு, 1952-ல், திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்தார்கள். வேடிக்கையும் இல்லாமல் இல்லை. சின்சினாட்டியில் 'ரெட்ஸ்' என்று ஒரு பேஸ்பால் குழு. 'சிவப்பர்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டு நடமாட முடியுமா? 1953-ல் 'ரெட்லெக்ஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள். சிவப்பு, காலோடு நின்றுவிட்டது!

சென்னை ராஜ்யத்தில் இப்படிப்பட்ட ஆரவாரம் இல்லை. இங்கே பயம் 'கெஜட்' வழியாக வந்தது.

சர்க்காரின் பயம் வெறும் பிரமை என்று சொல்வதற்கில்லை. 1948-ல் கல்கத்தா மாநாட்டில் கம்யூனிஸ்டு கட்சி புரட்சிப் பாதையைப் பிடித்தது. தெலுங்கானாவில் ஆயுதப் போராட்டம் 1951 வரை நீடித்தது. ஆனால் துப்பாக்கி தூக்கியவனைப் பிடிக்க வீசிய வலையில் புஸ்தகம் தூக்கியவனும் சிக்கினான். பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் வரக்கூடாதென்று 1950 மார்ச் 1-ந் தேதி உத்தரவு. பத்தாம் நாள், சென்னையில் பதிவான மக்கள் கல்விச் சங்கம் சட்டவிரோதமானது என்று பிரகடனம். அரசியல் சமூகப் பிரச்னைகளைப் படிக்கத் தூண்டுவது தன் நோக்கம் என்று பதிவேட்டில் எழுதிவைத்த சங்கம் அது. காலையில் அங்கத்தினர், மாலையில் குற்றவாளி. ஆறு மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம். சங்கம் கூடும் இடத்தையே சர்க்கார் கைப்பற்றலாம். தனித்தனியே நோட்டீஸ் கொடுக்கவும் வேண்டாம், கெஜட்டில் போட்டால் போதும். கெஜட்டைத் தினம் வாங்கிப் படிக்கிற குடும்பஸ்தர் எத்தனை பேர்?

இரண்டு உத்தரவுகளும் சுப்ரீம் கோர்ட்டில் விழுந்தன. பத்திரிகைத் தடை 1950 மே மாதத்திலேயே செல்லாதென்று ஆயிற்று. சங்கத்தின் காரியதரிசியான பாரிஸ்டர் வி. ஜி. ராவ் தொடுத்த வழக்கில் 1952 மார்ச் 31-ந் தேதி தீர்ப்பு. இரண்டையும் எழுதியவர் நம் ஊர்க்காரரான பதஞ்சலி சாஸ்திரி. ஆயினும் முதல் தீர்ப்பின் ஈரம் காயுமுன், 1951-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, பேச்சுரிமைக்குப் புதிய கட்டுகள் போட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்காவுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். அங்கே அண்டை வீட்டுக்காரனே பயந்தான். இங்கே பயந்தது சர்க்கார். ஓட்டுப் போட்டவர்கள் அவ்வளவாகப் பயந்ததாகத் தெரியவில்லை. 1952 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் 62-ஐக் கம்யூனிஸ்டுகள் பிடித்தார்கள். சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார் பி. ராமமூர்த்தி. காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. முதல் மந்திரியாக வந்த ராஜாஜி, கம்யூனிஸ்டுகளே தமது முதல் எதிரி என்று பகிரங்கமாகவே அறிவித்தார். ஆனாலும் அந்த எதிரிகள் சட்டசபையில் அவருக்கு எதிரே உட்கார்ந்துதான் வாதாடினார்கள். மெக்கார்த்தியை அவருடைய ஸெனட்டே கண்டிக்க 1954 டிசம்பர் வரை ஆயிற்று.

பூதம் அதோடு ஓடிவிடவில்லை. சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவனின் அரசியலைப் போலீசாரிடம் விசாரிக்கும் வழக்கம் நீடித்தது. 1983-ல் மத்தியப் பிரதேசப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. போலீஸ் அறிக்கையை வைத்து அவரை நீக்கியிருந்தார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி, மெக்கார்த்தியின் பெயரையே சொல்லி, அந்தச் சரக்கு நமது அரசியல் சட்டத்துக்கு ஆகாதென்று தீர்ப்பளித்தார். ஆசிரியர் ஜெயித்தார். அவர் கம்யூனிஸ்டு அல்ல, ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் கலந்துகொண்டார் என்பதே அவர்மீது போலீசார் எழுதிய குறை.