சம்பளம் வாங்கும் சிஸ்டர் 'இறந்தவரா'?

தலைப்பைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம். 'இறந்தவர்' என்பது நான் கண்டுபிடித்த வார்த்தை இல்லை. கன்னியாஸ்திரிகளுக்காக நீதிமன்றம் போனவர்களே முன்வைத்த வாதம் அது. பி.காம் பாடத்தில் வருமான வரி படிக்கும்போது இந்த வழக்கு கண்ணில் பட்டது. அன்றிலிருந்து மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயம். நான் கிறிஸ்தவப் பெண் இல்லை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை சிஸ்டர்களிடம்தான் படித்தேன். எங்கள் ஊர் கொடைரோடு. ஊரின் பழைய பெயர் அம்மையநாயக்கனூர். ரயில் மலை ஏறாது என்பதால் ரயிலில் கொடைக்கானல் போகிறவர்கள் பலரும் இங்கே இறங்கித்தான் பஸ் பிடிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் துணிப்பையும் குடையுமாக இரண்டு சிஸ்டர்களையாவது அடிக்கடி பார்க்கலாம். ஆகவே எங்களுக்கு சிஸ்டர்கள் புதுசு இல்லை. ஆனால் அவர்கள் பணத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நான் அதிகம் யோசித்ததில்லை. பத்தாம் வகுப்பில் ஒரு வாயாடி, கணக்கு சிஸ்டரிடம் "உங்க சம்பளம் எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டாள். "சம்பளத் தேதி தெரியும்மா, எண்ணிப் பார்த்தது கிடையாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். செருப்பு அறுந்தால்கூட மதரிடம் கேட்டுத்தான் வாங்குவார் என்பது எங்களுக்குத் தெரியும்.

சரி, வழக்குக்கு வருவோம். அரசு உதவி பெறும் பள்ளி கல்லூரிகளில் வேலை செய்யும் கன்னியாஸ்திரிகளுக்கும் பாதிரியார்களுக்கும் சம்பளம் தருவது அரசாங்கம். அவர்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் என்பதால் அந்தப் பணம் அப்படியே சபைக்குப் போய்விடும். மிஷனரிகள் தங்களுக்குக் கிடைக்கும் தொகையைச் சபையிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தால் அதற்கு வரி இல்லை என்று 1944லேயே, அதாவது வெள்ளைக்காரன் காலத்திலேயே, ஒரு சுற்றறிக்கை வந்தது. 1977லும் அதே போக்கில் இன்னொன்று. பல வருஷம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. 2014க்குப் பிறகு சம்பளத்தில் வரி பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்ததும் சபைகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. முதலில் தனி நீதிபதி ஒருவர் சபைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2019 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கேரளாவிலும் 2021இல் இதே முடிவு. கடைசியில் 2024 நவம்பர் 7 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தொண்ணூறுக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சம்பளம் என்று கொடுத்தால் வரிப் பிடித்தம் உண்டு. வாங்கியவர் அதை யாரிடம் கொடுக்கிறார் என்பது வேறு கதை. சுருக்கமாக இவ்வளவுதான்.

சபைகள் சொன்ன முக்கியமான வாதம் 'சிவில் டெத்'. நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த அன்றே அந்தப் பெண் உலகத்தைப் பொறுத்தவரை இறந்துவிட்டாள், அவளுக்குச் சொத்து கிடையாது, சம்பாத்தியம் கிடையாது, ஆகவே அந்தச் சம்பளம் அவளுடையதே அல்ல என்பது வாதம். இது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உள்ள கருத்து என்று நினைக்காதீர்கள். சந்நியாசம் வாங்கியவருக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை என்று பழைய இந்து சட்டமும் இதையேதான் சொல்கிறது. காவி கட்டியவருக்கும் அங்கி போட்டவருக்கும் ஒரே மரணம்!

வரி விஷயத்தில் தீர்ப்பு சரி என்பது என் கருத்து. எங்கள் பாடத்தில் ஒரு பழைய வழக்கு வரும், சீதல்தாஸ் தீர்த்ததாஸ், 1961. பணம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே வேறொருவருக்கு உரியதாகத் திரும்பிவிட்டால் அது உங்கள் வருமானம் இல்லை. உங்களுக்கு வந்து சேர்ந்த பிறகு கடமைக்காக நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அது நீங்கள் செய்த செலவு. வாய்க்கால் தண்ணீர் உங்கள் வயலுக்கு வரும் முன்பே பிரிந்து போகிறதா, வயலுக்கு வந்தபின் நீங்கள் பக்கத்து வயலுக்கு மடை திறந்து விடுகிறீர்களா என்கிற வித்தியாசம். பி.எட் முடித்து, நியமன உத்தரவு வாங்கி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, போர்டில் சாக்பீஸ் பிடித்து நின்றது சிஸ்டர். சபை வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கவில்லை.

ஆனால் வரியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நித்திய வார்த்தைப்பாட்டுத் திருப்பலியை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பீடத்துக்கு முன்னால் அந்த அக்காக்கள் முகங்குப்புறப் படுத்துக் கிடக்கிறார்கள், புனிதர்களின் மன்றாட்டு மாலை நீளமாகப் பாடப்படுகிறது. அந்த நிமிஷம் பார்த்தால் நிஜமாகவே சாவு மாதிரிதான் இருக்கும். பெத்த அம்மாக்கள் அழுதுகொண்டிருப்பார்கள். ஆனால் அதோடு முடிவதில்லை. அவர்கள் எழுந்து நிற்கிறார்கள். தன் பெயரைத் தானே சொல்லி வார்த்தைப்பாட்டை வாசிக்கிறார்கள், பீடத்தின் மேலேயே அதில் கையெழுத்துப் போடுகிறார்கள். செத்தவர் கையெழுத்துப் போடுவாரா? உலகத்துக்கு இறப்பது என்பது ஆன்மிகத்தில் அழகான, ஆழமான உவமை. ஆசையை விடுவது, 'என்னுடையது' என்ற பிடியை விடுவது. அதைத் தூக்கிக்கொண்டு போய் டி.டி.எஸ் வழக்கில் ஆதாரமாக வைத்தால் உவமையும் கெட்டுவிடுகிறது, வழக்கும் நிற்கவில்லை.

இன்னொன்று பாருங்கள். சம்பளம் அவருடையதே இல்லை என்றால், அவர் என்ன கொடுத்தார்? ஏழ்மை வார்த்தைப்பாட்டின் பெருமையே, கையில் வரக்கூடியதை ஒவ்வொரு மாதமும் விட்டுவிடுவதில்தானே இருக்கிறது? இல்லாததை விடுவது துறவு இல்லை. எங்கள் கணக்கு சிஸ்டர் முப்பது வருஷம் சம்பாதித்து முப்பது வருஷமும் கொடுத்தார் என்று சொல்வது அவருக்கு மரியாதை. அவர் சம்பாதிக்கவே இல்லை, சபையின் பணம் அவர் பெயர் வழியாகப் போனது என்று சொல்வது, மன்னிக்கவும், அவரை ஒரு குழாய் ஆக்குவது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உச்ச நீதிமன்ற வழக்கின் தலைப்பில் இருந்த பெயர் மரியாயின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபை, எல்லாரும் சொல்வதுபோல் எஃப்.எம்.எம். இது நம் தமிழ்நாட்டு மண்ணில் பிறந்த சபை. எலென் த ஷப்போத்தேன் என்ற பிரெஞ்சுப் பெண் 1865இல் வேறொரு சபையின் சிஸ்டராக மதுரைப் பகுதிப் பணிக்கு வந்தார். இரண்டே வருஷத்தில் இங்குள்ள மடங்களுக்கெல்லாம் தலைவி. பிறகு சபைக்குள் பெரிய கருத்து வேறுபாடு. 1876இல் அவரோடு சேர்த்து இருபது சிஸ்டர்கள் பிரிந்து ஊட்டியில் கூடினார்கள். அவர் கப்பலேறி ரோமுக்கே போய்த் தங்கள் நிலையை எடுத்துச் சொன்னார். 1877 ஜனவரி 6 அன்று புதிய சபைக்கு அனுமதி கிடைத்தது. 2002இல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும் கொடுத்தார்கள். இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தச் சபை இருக்கிறது. வார்த்தைப்பாடு கொடுத்த பிறகும் ஊட்டியிலிருந்து ரோம் வரை போய் நியாயம் கேட்ட பெண்ணின் சபையா 'சிவில் டெத்' பேசுவது!

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சபைக்குப் போகும் பணத்தை யாரும் மாடமாளிகை கட்டித் தின்றுவிடவில்லை. வயதான சிஸ்டர்களுக்கு மருந்து, ஹாஸ்டலில் ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைகள், சம்பளமே இல்லாத கிராமத்து வேலைகள் எல்லாம் அதிலிருந்துதான். வரி போனால் அந்த அளவுக்குக் குறையும், உண்மைதான். இதில் மத வெறுப்பு இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலும் 2025-26இலிருந்து புதிய முறையில் பன்னிரண்டு லட்சம் வரை வரியே இல்லை, ஆகவே நிறைய சிஸ்டர்களுக்கு இது பெரிய பாரமாகவும் இராது.

பாரம் வேறு இடத்தில் இருக்கிறது. 1983ஆம் வருஷத் திருச்சபைச் சட்டத்தில் 668ஆம் விதி, துறவி தன் உழைப்பால் சம்பாதிப்பது சபைக்குச் சேரும் என்கிறது. பென்ஷனும் பொதுவாக அப்படியே. 702ஆம் விதி, சபையை விட்டுப் போகிறவர் அங்கே செய்த வேலைக்காக எதையும் உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது. கூடவே, போகிறவரிடம் சபை நியாயத்தோடும் நற்செய்தி அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. இருபத்தைந்து வருஷம் டீச்சராக இருந்த ஒருவர் ஐம்பது வயதில் வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? வாடகை அட்வான்ஸ் எங்கிருந்து வரும்? அவர் உயிரோடு இருக்கிறவர் என்றால் அந்த 'நியாயம்' என்பதற்கு ஒரு தொகை வேண்டும். அவர் ஏற்கெனவே இறந்தவர் என்றால் நாலு புடவையும் பஸ் காசும் போதும். அந்த ஒற்றை வார்த்தைக்கு நான் இவ்வளவு பயப்படுவது இதனால்தான்.

ஆகவே ஒவ்வொரு சபையும் அந்தத் தொகையை முன்கூட்டியே விதிப்புத்தகத்தில் எழுதிவைக்கட்டும், வேலை செய்த வருஷங்களை வைத்துக் கணக்கிட்டு. ஸ்கூல் வேலை பார்த்தவருக்கு மட்டும் என்று இல்லை. மடத்துச் சமையல்கட்டில் முப்பது வருஷம் அடுப்பு ஊதிய சிஸ்டருக்குப் பே ஸ்லிப்பே கிடையாது, அவருக்கும் சேர்த்துத்தான். ஆனால் தொடங்குவதற்கு டீச்சர் சிஸ்டர்கள் வசதி. வரி பிடித்தால் வருஷா வருஷம் அவரவர் பெயரில் ஃபார்ம் 16 வந்துவிடுகிறது. சம்பாதித்தது எவ்வளவு என்று அதிலேயே அச்சடித்து இருக்கும்.