ஐந்து வருடக் கூட்டாளி

அந்தமானில் சுற்றுலா சீசன் அக்டோபரில் ஆரம்பித்து மே மாதத்தோடு ஓய்ந்துவிடும். பிறகு மழை, கொந்தளிக்கும் கடல், ரத்தாகும் படகுகள். ஹேவ்லாக்கில் விடுதியோ ஸ்கூபா பயிற்சிக் கூடமோ நடத்துபவர்கள் இந்தக் கணக்குக்குப் பழகியவர்கள். ஆனால் அந்தத் தொழிலை ஒருவர் வாங்குவதற்குப் பணம் போடும் தனியார் முதலீட்டு நிறுவனத்தின் கணக்கு வேறு. ஐந்தாறு வருடங்களில் லாபத்தோடு வெளியேறிவிட வேண்டும்.

இப்படி ஒரு கூட்டாளி ஏன் தேவைப்படுகிறார்? முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் சென்னையிலேயே தங்கிவிட்டார்கள். தொழில் தெரிந்த மேனேஜருக்கு வாங்க ஆசை, கையில் பணமில்லை. பங்குகளை வாங்க வங்கிகள் கடன் தருவதை ரிசர்வ் வங்கி நீண்ட காலம் கட்டுப்படுத்தியே வைத்திருந்தது. 2025 அக்டோபரில் கம்பெனிகளுக்காகக் கதவைத் திறப்பதாக அறிவித்தது. தனி ஆளான மேனேஜருக்கு அதில் பெரிய ஆறுதல் இல்லை. அடமானம் வைக்கலாமென்றால் தீவுகளில் 80 சதவீதத்துக்கு மேல் காடு. மிச்சமிருப்பது முதலீட்டாளர்தான். அமெரிக்காவில் 1984 முதலே இதற்கு ஒரு வழி உண்டு: இளம் நிர்வாகி ஒருவர் முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி, ஒரே ஒரு சிறிய கம்பெனியைத் தேடி வாங்கி, தானே நடத்துவார்.

நல்ல ஏற்பாடுதான். சிக்கல் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு: தொழிலின் விலை ரூ. 3 கோடி. வாங்குபவர் போடுவது ரூ. 50 லட்சம், முதலீட்டாளர் ரூ. 2.5 கோடி. விற்கும்போது முதலீட்டாளரின் அசலும் வருடத்துக்கு 8 சதவீதக் கூட்டு லாபமும் முதலில் போக வேண்டும் என்பது நிபந்தனை. ஐந்து வருடத்தில் அந்தத் தொகை சுமார் ரூ. 3.67 கோடியாகிவிடும். தொழில் ரூ. 3.5 கோடிக்கு விலைபோனால் மொத்தமும் அவருக்கே. விலை ஏறியும், ஐந்து வருடம் உழைத்தவருக்குக் கிடைப்பது பூஜ்யம்.

இந்த அபாயம் எந்த ஊரிலும் உண்டு. அந்தமானில் அதிகம். இங்கே நல்ல நிர்வாகியையும் கவிழ்க்கும் விஷயங்கள் ஏராளம். 2002 மே மாத உச்ச நீதிமன்ற ஆணை, காட்டு மரத்தை நம்பியிருந்த தொழிலை ஆட்டிவைத்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி. ஜாரவா காப்பகத்தைச் சுற்றி 2007இல் அறிவிக்கப்பட்ட 5 கி.மீ. இடையக மண்டலத்தில் வணிகத்துக்கும் சுற்றுலாவுக்கும் 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2020இல் கொரோனா சுற்றுலாவையே முடக்கியது. நிகோபாரில் 1956ஆம் வருடப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி இருக்கிறது. வெளியார் உள்ளே நுழையவே அனுமதிச் சீட்டு வேண்டும். பழங்குடியினரையும் காட்டையும் காக்கும் சட்டங்களைக் குறைசொல்ல முடியாது. தொழிலை வாங்குபவர்தான் அவற்றை விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஆகவே கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விகள். சொந்த ஜாமீன் கேட்கிறார்களா? வீட்டையும் சேர்த்து இழக்க நேரலாம். குறிப்பிட்ட தேதியில் பங்குகளை நீங்களே திரும்ப வாங்கியாக வேண்டுமா? அந்தத் தேதி ஒரு மோசமான சீசனில் வந்து நிற்கலாம். அரசு ஆணையாலோ இயற்கைச் சீற்றத்தாலோ தொழில் நின்றால் கெடு நீளுமா? மூன்றாவதற்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது எழுந்து வந்துவிடலாம்.

விற்கும் முதலாளிக்கும் இதில் அக்கறை வேண்டும். விலையில் ஒரு பகுதியைப் பிறகு தருவதாகச் சொன்னால், அந்தப் பாக்கி முதலீட்டாளருக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

கடல் கொந்தளித்தால் தீவுக்காரர் படகைக் கட்டிப்போட்டுவிட்டுக் காத்திருப்பார். கூட்டாளியும் காத்திருப்பாரா என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். பலரும் படிக்காமல் புரட்டிவிடும் பக்கங்கள் அவை.