குமிழைத் திருகினால் சத்தம் இனிக்குமா?

"ரோட்டரி மிக்சருக்கு மாறினால் சத்தமே வேறு. அதோடு ஒரு ஐசோலேட்டரோ ஈக்குவலைசரோ சேர்த்துவிட்டால் எந்தப் பாட்டும், எந்த ஸ்பீக்கரும் பேசும்." டிஜே வட்டாரத்தில் இதை மறுத்துப் பேசுபவர்கள் குறைவு. தள்ளி நகர்த்தும் ஃபேடருக்குப் பதிலாகப் பெரிய வட்டக் குமிழ்கள் வைத்த மிக்சர்தான் ரோட்டரி. பேர்போன மாடல்கள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்போது லட்ச ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். பொன்னேரியிலோ கவரைப்பேட்டையிலோ கல்யாண ரிசப்ஷனை நம்பித் தொழில் செய்யும் ஒரு சவுண்டு சர்வீஸ்காரர், அந்தப் பணத்தை இறக்கும் முன் இந்தப் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

வட்டக் குமிழில்தான் இனிமை என்றால், ஆடி மாதம் பெரியபாளையம் பக்கத்துத் தெருக்களில் கூழ் ஊற்றும் நாட்களில் காது குளிர்ந்திருக்க வேண்டும். மைக் செட்டுக்காரரின் அகுஜா ஆம்ப்ளிஃபையரில் மைக், ஆக்ஸ், பேஸ், ட்ரெபிள், மாஸ்டர் எல்லாமே வட்டக் குமிழ்கள்தானே! காதைத் துளைத்தது மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர். அதில் அடித்தொனி அநேகமாக வராது; குரல் பகுதியை மட்டும் முன்னால் தள்ளும். அதே ஆம்ப்ளிஃபையரில் நல்ல பெட்டி ஸ்பீக்கரை மாட்டினால் சத்தம் மாறிவிடும். குமிழ் அப்படியேதான் இருக்கும்.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. ரோட்டரியின் பூர்வீகமே மைக் செட் குடும்பம்தான். அமெரிக்காவில் ரூடி போசாக்கின் கம்பெனி பொது ஒலிபெருக்கி அமைப்புகளுக்கு மிக்சர் செய்துகொண்டிருந்தது. 1970களில் நியூயார்க் ஒலியமைப்பாளர் அலெக்ஸ் ராஸ்னர் போன்றவர்களின் யோசனையையும் சேர்த்து அவர்கள் கொண்டுவந்த சிஎம்ஏ-10-2டிஎல், டிஸ்கோக்களில் நிலைத்தது. அடுத்து வந்த யூரி 1620-உம் அதே தடத்தில் நடந்தது. இவை பெயர் வாங்கியது உள்ளே இருக்கும் சர்க்யூட்டாலும் தாராளமான பவர் சப்ளையாலும். குமிழானாலும் ஃபேடரானாலும் உள்ளே ஒரு மின்தடைப் பட்டையும் அதன்மேல் நகரும் ஒரு தொடுமுனையும்தான். பட்டை வளைந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்பது சிக்னலுக்குத் தெரியாது.

ரோட்டரியில் மிக்ஸ் நயமாக விழும் என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை உண்டு. ஆறேழு நிமிடம் ஓடும் ஹவுஸ் இசையில், ஒரு பாட்டை இன்னொன்றின் மேல் மெல்லப் படரவிட இரண்டு குமிழ்களைச் சேர்த்துத் திருகுவது கைக்கு இதமானது. ஆனால் நம் ரிசப்ஷன் மேடையில் ஒரு பாட்டு இரண்டு நிமிடம் தாண்டுவதே அபூர்வம். கானா, குத்து, மாப்பிள்ளைத் தோழர்கள் கத்திக் கேட்கும் பாட்டு, நடுவே தாம்பூலப் பை பற்றி மைக்கில் அறிவிப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் விஸ்வகர்மா பூஜை என்றால் போஜ்புரி பாட்டும் உண்டு. சட்டென்று வெட்டி மாற்ற ஃபேடர்தான் தோது. ஒரே கையின் இரு விரல்களால் இரண்டு சேனலைப் பிடிக்கலாம்.

கூடுதல் ஈக்குவலைசர் (ஈக்யூ) பெட்டிக்கு வருவோம். இதில்தான் காசு அதிகம் வீணாகிறது. யூரி 1620-இல் ஒவ்வொரு சேனலுக்கும் தனி ஈக்யூ கிடையாது. அதனால் வெளியே ஒரு பெட்டி தேவைப்பட்டது. நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் (1977–87) லாரி லெவன் போன்றவர்கள் அடி, நடு, உச்சம் என்று ஒலியைப் பிரித்து, பேஸை முழுக்க நிறுத்தி, கூட்டத்தைத் தவிக்கவிட்டுத் திரும்பக் கொடுத்தார்கள். இப்படிப் பிரிக்கும் ஐசோலேட்டர், தவிலைப்போல வாசிக்கிற கருவி. நோய் தீர்க்கும் மருந்தாக யாரும் அதைச் செய்யவில்லை. இன்றைக்கு ஆலன் அண்ட் ஹீத் எக்ஸோன்:92 மாதிரி மிக்சர்களில் சேனலுக்கு நான்கு பட்டை ஈக்யூ உள்ளேயே இருக்கிறது. அதற்குமேல் இன்னொரு பெட்டி எதற்கு?

"பேஸ் பத்தலை, கொஞ்சம் ஏத்து" என்பதற்குத்தான் என்பார்கள். அந்தக் கணக்கையும் போடுவோம். 3 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு, 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. ஏற்கெனவே கிளிப் லைட் மினுக்கும் ஆம்ப்ளிஃபையர் அந்த வாட்ஸுக்கு எங்கே போகும்? அலையின் தலையை வெட்டித் தரும். பாட்டு கரகரக்கும், டாப்பில் இருக்கும் டிரைவர் கருகும். இன்னொரு பேஸ் பெட்டியும் அதற்குத் தக்க ஆம்ப்ளிஃபையரும்தான் இதற்கு வழி.

மண்டப எதிரொலியும் அப்படியே. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடிக் கதவு என்று கட்டிய கூடத்தில் சத்தம் அடங்க நேரமாகும். ஈக்யூ ஒரு பட்டையின் அளவைக் குறைக்குமே தவிர, அது சுழன்றுகொண்டிருக்கும் நேரத்தைக் குறைக்காது. ஸ்பீக்கரைக் கூரைக்குக் காட்டாமல் ஆட்களை நோக்கிச் சாய்த்து வைத்தாலே பாதித் தொல்லை தீரும். கூட்டமும் உச்சத் தொனிகளை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், காலையில் காலி மண்டபத்தில் வைத்த செட்டிங் ராத்திரிக்கு உதவாது. மைக் வீறிட்டால் மட்டும் 31 பட்டை கிராஃபிக் ஈக்யூ உண்மையாகவே கைகொடுக்கும். வீறிடும் பட்டையைக் கண்டுபிடித்து இறக்கிவிடலாம்.

கும்மிடிப்பூண்டிக்கென்று ஒரு தலைவலி தனியாக இருக்கிறது. எஃகு உருக்கும் இண்டக்ஷன் ஃபர்னஸ்களும் ரோலிங் மில்களும் நிறைந்த பகுதி. இத்தகைய உலைகள் மின்கம்பியில் அழுக்கைக் கலக்கும். சரியில்லாத எர்த்தும் சேர்ந்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று உறுமல் கேட்கும். ஈக்யூவில் 50 ஹெர்ட்ஸையும் 100 ஹெர்ட்ஸையும் வெட்டினால் உறுமல் தணியும். பாட்டின் கிக்கும் சேர்ந்தே போய்விடும். லேப்டாப், மிக்சர், ஆம்ப்ளிஃபையர் மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து லைனும் எர்த்தும் எடுங்கள். அப்படியும் போகாவிட்டால் ஆடியோ லைனில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது ஆளைக் கொல்லும்.

ஐசோலேட்டருக்கு இங்கே ஒரு நிஜமான வேலையும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி தொழிற்பகுதியில் பகலில் 75 டெசிபல், குடியிருப்பில் 55. இரவில் 70-உம் 45-உம். இவை 'ஏ' அளவுகோலில் பார்ப்பவை. அந்த அளவுகோல் 50 ஹெர்ட்ஸ் சத்தத்தை ஏறக்குறைய 30 டெசிபல் குறைத்துக் காட்டும். மீட்டர் பேசாமல் இருக்கும், பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். போலீஸ் வந்து குறைக்கச் சொன்னால் மாஸ்டரைத் தொடும் முன் அடித்தொனியை இறக்குங்கள். சுவர் தாண்டிப் போவது அதுதான்.

ரோட்டரிக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டிய காரணத்தை அதன் ஆதரவாளர்களே சொல்வதில்லை. ஃபேடருக்கு மேலே ஒரு திறந்த பிளவு உண்டு. தொழிற்பேட்டைத் தூசியும் பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக் காற்றும் அதன் வழியே நேராக உள்ளே இறங்கும். குமிழின் பட்டை பெரும்பாலும் மூடியே இருக்கும், அதனால் கரகரப்பு தாமதமாக வரும். இதற்காக ஒருவர் ரோட்டரி வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் மிக்சரைத் துணியால் மூடி, கரகரக்கும் ஃபேடரைக் கழற்றிப் புதிது சால்டர் செய்ய ஆகும் செலவு, ரோட்டரி விலையில் ஒரு துளிதான்.